கடைசி வரிசைத் தென்னைக்கும் தண்ணீர் போக: சொட்டுநீர்க் குழாயில் அடைப்பு எடுத்த பதிவு

குண்டடம் பக்கம் என் மாமாவுக்கு மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 மரம், ஆக 210 மரங்கள். இந்தக் கோடையில் மேற்குப் பாதியின் கடைசி வரிசைகளில் குரும்பை நிற்கவே இல்லை. அடிமட்டைகள் காலத்துக்கு முன்பே பழுத்துத் தொங்கின. போரான் குறைவு, நுண்ணூட்டம் போடுங்கள், வேரில் டானிக் கட்டுங்கள் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஆனால் அதே மண்ணில், அதே உரத்தில், அதே வயதுள்ள மரங்கள் முதல் வரிசையில் குலை தள்ளி நின்றன. மரத்துக்கு மரம் மாறக்கூடியது அங்கே தண்ணீர் ஒன்றுதான். அதனால் மருந்துக் கடைக்குப் போகும் முன் சொட்டுநீர் அமைப்பை முழுசாகப் பார்த்துவிடுவோம் என்று இறங்கினோம். செய்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். உப்புத் தண்ணீரில் சொட்டுநீர் ஓட்டும் யாருக்கும் உதவும்.

அங்கே தண்ணீர் எப்படி வருகிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இது பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனப் பகுதி. 3.77 லட்சம் ஏக்கர் ஆயக்கட்டை (பாசனம் பெறும் நிலத்தை) நான்கு மண்டலங்களாகப் பிரித்து, முறை வைத்துத்தான் வாய்க்காலில் தண்ணீர் விடுகிறார்கள். முறை இல்லாத காலமெல்லாம் போர், அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான். போர் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்கும் என்பதால், அதைப் பழைய திறந்த கிணற்றில் விட்டுத் தேக்கி, கிணற்றிலிருந்து மோனோபிளாக் மோட்டார் வைத்துச் சொட்டுநீருக்கு இறைக்கிறார்கள். இந்தப் பக்கம் பல தோட்டங்களில் இதே ஏற்பாடுதான். இதில் இரண்டு தொல்லைகள் ஒன்றாகச் சேர்கின்றன. ஆழத்திலிருந்து வரும் சுண்ணாம்பு உப்பு ஒன்று, வெயில் படும் கிணற்றில் வளரும் பாசி இன்னொன்று. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

ஒவ்வொரு மரத்துக்கும் நான்கு டிரிப்பர்கள், அதாவது தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடும் சிறு துண்டுகள். ஒவ்வொன்றும் மணிக்கு 8 லிட்டர் விடும் வகை. தண்டிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நான்கு பக்கமும் ஓரடிக் குழி எடுத்து, தேங்காய் நார்க்கழிவு நிரப்பி, சாய்வாகச் செருகிய சிறு குழாய்க்குள் டிரிப்பரை வைத்திருக்கிறார்கள். தண்ணீர் மேல்மண்ணில் ஆவியாகாமல் நேரே வேருக்குப் போகும். வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் முறை இது. மரத்துக்கு மணிக்கு 32 லிட்டர். மேற்கு மாவட்டங்களுக்குப் பிப்ரவரி முதல் மே வரை பல்கலைக்கழகம் சொல்லும் அளவு மரத்துக்கு நாளொன்றுக்கு 65 லிட்டர். ஆகவே இரண்டு மணி நேரம் ஓட்டினால் கணக்கு சரியாகிவிடும்.

மாமா ஓட்டியது நான்கு மணி நேரம். “ரெண்டு மணி நேரம் ஓட்டினா கடைசி மரத்துக்குப் பத்துலீங்க மாப்ள, அதனாலதான் நாலு மணி நேரம் ஓட்டறனுங்க” என்றார். அவர் கண்ணால் பார்த்தது சரி. ஆனால் எந்த மரத்துக்கு எவ்வளவு பத்தவில்லை என்பதை அளக்காமல் நேரத்தைக் கூட்டினால் என்ன ஆகும் என்பது அடுத்து வந்த கணக்கில் தெரிந்தது.

அளந்தது

இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரே அளவுள்ள டப்பாக்கள், மில்லி லிட்டர் கோடு போட்ட ஒரு அளவுக் குவளை, கைபேசியில் கடிகாரம், இவ்வளவுதான். மேற்குப் பாதியில் 105 மரங்கள். அதில் நான்கு வரிசைகளைத் தேர்ந்தெடுத்தோம்: வால்வுக்குப் பக்கத்தில் ஒன்று, நடுவில் இரண்டு, கடைசியில் ஒன்று. ஒவ்வொரு வரிசையிலும் முதல் மரம், மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் ஒரு மரம், மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் ஒன்று, கடைசி மரம். மொத்தம் 16 இடங்கள். மோட்டார் ஓடி குழாயில் காற்றெல்லாம் போன பிறகு, ஒவ்வொரு இடத்திலும் ஒரு டிரிப்பரின் கீழ் மூன்று நிமிடம் டப்பா வைத்துப் பிடித்தோம். மணிக்கு 8 லிட்டர் டிரிப்பர் மூன்று நிமிடத்தில் 400 மில்லி தர வேண்டும்.

முதல் வரிசையில் 355, 340, 300, 240. இரண்டாவதில் 350, 320, 260, 180. மூன்றாவதில் 345, 290, 220, 110. கடைசி வரிசையில் 335, 270, 160, அப்புறம் 60.

எல்லா மரத்துக்கும் ஒரே அளவு தண்ணீர் போகிறதா என்று காட்டும் சமச்சீர் கணக்கு இப்படி: பதினாறு அளவிலும் மிகக் குறைந்த நான்கின் சராசரியை எடுத்து, மொத்தச் சராசரியால் வகுத்து, நூறால் பெருக்க வேண்டும். 90-க்கு மேல் வந்தால் அருமை, 80-க்கு மேல் நன்று, 70-க்குக் கீழே போனால் உடனே கை வைக்க வேண்டும். இங்கே குறைந்த நான்கு 60, 110, 160, 180. அவற்றின் சராசரி 127.5. மொத்தச் சராசரி 258. விடை 49.

இதை லிட்டரில் பார்த்தால் இன்னும் உறைக்கும். இரண்டு மணி நேர ஓட்டத்தில் முதல் மரத்துக்கு 57 லிட்டர் கிடைத்தது. கடைசி மரத்துக்கு 10 லிட்டர்கூடக் கிடைக்கவில்லை. நான்கு மணி நேரம் ஓட்டியபோது முதல் மரத்துக்கு 114 லிட்டர், அதில் பாதி வேருக்குக் கீழே வீணாக இறங்கிவிடும். கடைசி மரத்துக்கு அப்போதும் 20 லிட்டருக்குக் கீழேதான். கிணற்றுத் தண்ணீர் இரண்டு மடங்கு செலவாகியும் காய்ந்த மரம் காய்ந்தபடியே இருந்தது. மாமா அந்தத் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த கேள்வி, குறைவது அழுத்தமா, அடைப்பா? இரண்டையும் பிரிக்காமல் வேலையைத் தொடங்கக் கூடாது. பில்டருக்கு முன்னால் அழுத்தமானியில் 2 கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு), பின்னால் 0.8 கிலோ. பில்டரிலேயே 1.2 கிலோ போகிறது. இந்த வித்தியாசம் 0.3 தாண்டினாலே பில்டரைக் கழுவ வேண்டும். கடைசி வரிசையின் முனையில் எண்ட் கேப்பை (முனை மூடியை) கழற்றி அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தால் 0.5 கிலோ. சாதாரண டிரிப்பரில் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்துத்தான் தண்ணீர் குறையும். 1 கிலோவில் 400 மில்லி தருவது 0.5 கிலோவில் ஏறத்தாழ 280 தர வேண்டும். வந்ததோ 60. ஆக அழுத்தக் குறைவு 280 வரைக்கும்தான் காரணம். அதற்குக் கீழே போனதெல்லாம் டிரிப்பருக்குள் இருக்கும் அடைப்பு.

டிரிப்பருக்குள் இருந்தது

இந்த டிரிப்பர்கள் திருகித் திறக்கும் வகை. வால்வுப் பக்கத்து மரத்தில் ஒன்றும், கடைசி மரத்தில் ஒன்றும் எடுத்துத் திறந்தோம். வால்வுப் பக்கத்து டிரிப்பரில் பச்சையும் பழுப்புமாக வழவழப்பான படலம். விரலில் தேய்த்தால் வழுக்கியது, குட்டை வாடை அடித்தது. கடைசி மரத்து டிரிப்பரில் தண்ணீர் வளைந்து வளைந்து போகும் நுண்ணிய தடத்தில் முதலில் அதே வழவழப்பு, அதன் மேல் மாவு போல வெள்ளை. தண்ணீர் சொட்டும் வாயில் கெட்டியான வெள்ளை வளையம், நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. அதன் மேல் எலுமிச்சம்பழச் சாற்றை நாலு சொட்டு விட்டோம். சட்டென்று நுரை பொங்கியது. நுரைத்தால் அது சுண்ணாம்பு. நுரைக்காமல் நறநறவென்றிருந்தால் மணல். செம்மண் நிறத்தில் சேறு போல இருந்தால் இரும்பு. இந்தச் சோதனையைச் செய்யாமல் ஆசிட் ஊற்றுகிறவர்கள் நிறையப் பேர். மணல் அடைப்புக்கு ஆசிட் விட்டு ஒரு பயனும் இல்லை, பாசிக்கும் தனி ஆசிட் போதாது.

சுண்ணாம்பு ஏன் டிரிப்பர் வாயில் மட்டும் கெட்டியாகப் படிகிறது? நிலத்தடித் தண்ணீரில் சுண்ணாம்பு பைகார்பனேட்டாகக் கரைந்திருக்கிறது. கறுப்புக் குழாய் வெயிலில் சூடாகும்போது தண்ணீரிலிருந்து கரியமில வாயு வெளியேறும், கரைந்திருந்தது கரையாத கார்பனேட்டாகப் படியும். மோட்டாரை நிறுத்தியதும் டிரிப்பர் வாயில் கடைசியாக நிற்கும் சொட்டு ஆவியாகி, தன் உப்பை அங்கேயே விட்டுப் போகும். நாள்தோறும் ஒரு சொட்டு உப்பு. அதனால் நடுப்பகலில் ஓட்டி நிறுத்துவதைவிட, மும்முனை மின்சாரம் அனுமதித்தால், விடியற்காலையில் ஓட்டுவது குழாய்க்கும் நல்லது.

வழவழப்புக்கு இன்னொரு காரணமும் கிடைத்தது. ஜீவாமிர்தத்தை வென்சூரி (உரக் கரைசலைக் குழாய்க்குள் இழுத்துவிடும் கருவி) வழியாக விட்டிருக்கிறார்கள். ஜீவாமிர்தம் மண்ணுக்கு நல்லதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் சாணமும் வெல்லமும் பயறு மாவும் கலந்த கரைசலைச் சாக்கில் மட்டும் வடித்துக் குழாயில் விட்டு, அதன்பின் நல்ல தண்ணீர் ஓட்டாமல் நிறுத்தினால், குழாயின் உள்சுவரில் நுண்ணுயிர் படலம் கட்டிவிடும். அந்தப் படலத்தில் சுண்ணாம்பு வந்து ஒட்டும். திறந்த டிரிப்பரில் கீழே வழவழப்பு, மேலே வெள்ளை என்று அடுக்காக இருந்தது இதனால்தான். வைத்தியத்தின் வரிசையையும் அதுவே சொல்லிவிட்டது. மணல், தூசியை அலசி வெளியேற்றுவது முதல் வேலை. பிறகு பிளீச்சிங், கடைசியில் ஆசிட்.

மாவட்ட மண் பரிசோதனை நிலையத்தில் தண்ணீரையும் சோதித்துத் தருவார்கள். கொடுத்து வாங்கிய அறிக்கையில் பிஎச் (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண், 7 நடுநிலை) 7.9, பைகார்பனேட் லிட்டருக்கு 8 மில்லி ஈக்விவலன்ட் என்றிருந்தது. இந்த 8 ஆசிட் கணக்கில் உதவியது.

பில்டரும் அலசலும்

டிஸ்க் பில்டரைத் திறந்தால் வட்டுகள் தனித்தனியாகப் பிரியவே இல்லை, பச்சைச் சேற்றில் ஒட்டிக் கிடந்தன. வட்டுகளை ஒரு கயிற்றில் கோத்து, பிளீச்சிங் தெளிநீரில் சில மணி நேரம் ஊறவிட்டு, பிரஷ் போட்டுக் கழுவி, நன்றாக அலசிய பிறகு மறுபடி நீர்த்த ஆசிட் கரைசலில் ஊறவைத்தோம். வரி வரியான பள்ளங்கள் மறுபடி கண்ணுக்குத் தெரிந்தன. மாட்டி ஓட்டியபோது வித்தியாசம் 0.2 கிலோவுக்கு இறங்கிவிட்டது.

கிணற்றில் இரண்டு மாற்றங்கள் செய்தோம். போர்த் தண்ணீர் விழும் குழாய், மோட்டார் தண்ணீர் உறிஞ்சும் குழாயின் அடியிலுள்ள புட்வால்வுக்கு நேர் மேலே இருந்தது. விழும் வேகத்தில் அடிச்சேறு கலங்கி நேராக மோட்டாருக்குப் போனது. அந்தக் குழாயை எதிர்ப்பக்கச் சுவரோரம் திருப்பி, கல் மேல் விழும்படி வைத்தோம். புட்வால்வைத் தரையிலிருந்து மூன்றடி உயர்த்திக் கட்டினோம்.

பிறகு அலசல். மெயின் லைனின் கடைசி பிளஷ் வால்வைத் திறந்து தண்ணீர் தெளியும் வரை விட்டோம், அடுத்து அதிலிருந்து பிரியும் சப்மெயின், அதன்பின் மர வரிசைகளில் ஓடும் சிறு குழாய்களான லேட்டரல்கள். இந்த வரிசையை மாற்றினால் மெயினில் கிடக்கும் சேறு லேட்டரலுக்குள் போய்விடும். எல்லா எண்ட் கேப்பையும் ஒரே நேரத்தில் திறந்துவிடுவது வழக்கம். அப்படித் திறந்தால் ஒவ்வொன்றிலும் தண்ணீர் மெதுவாக வழியுமே தவிர, உள்ளே படிந்ததைத் தள்ளாது. 16 மி.மீ. லேட்டரலில் படிவு கிளம்ப வேண்டுமானால் திறந்த முனையில் நிமிடத்துக்கு நாலரை லிட்டராவது வர வேண்டும். ஒரு குடத்தை வைத்துப் பார்த்தோம். ஐந்து லேட்டரல் திறந்தால் வேகம் போதும், ஆறாவது திறந்தால் குறைகிறது. அதனால் ஐந்தைந்தாகத் திறந்தோம். கடைசி வரிசையில் முதலில் வந்தது தண்ணீரே இல்லை, சாணி நிறத்தில் கூழ். அதன் பின்னால் வெள்ளைச் சில்லுகள், அப்புறம்தான் தெளிந்தது.

அலசும்போதே ஒழுகும் இடங்களும் தெரிந்தன. அணில் கடித்த ஓட்டைகள், மட்டை விழுந்து நசுங்கிய ஓர் இடம், இரண்டு இடத்தில் குழாய் இணைப்பிலுள்ள ரப்பர் வளையமான குரோமட் காய்ந்து வெடித்திருந்தது. வெட்டி ஜாயினர் போட்டோம், குரோமட்டை மாற்றினோம். சில குழிகளில் நார்க்கழிவுக்குள் இருந்த சிறு குழாயில் தென்னை வேர் ஏறி டிரிப்பரைச் சுற்றிப் பின்னியிருந்தது. வேரை வெட்டிவிட்டு, டிரிப்பர் குழாயின் மேல்முனைக்குச் சற்றுக் கீழே மட்டும் இருக்கும்படி உயர்த்தி வைத்தோம்.

பிளீச்சிங்

மேற்குப் பாதியில் 420 டிரிப்பர்கள், மணிக்கு 3,360 லிட்டர், நிமிடத்துக்கு 56 லிட்டர். லிட்டருக்கு 20 மில்லி கிராம் குளோரின் போக வேண்டும் என்று வைத்தால், 30 சதவீதம் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் நிமிடத்துக்கு நாலு கிராமுக்குச் சற்றுக் குறைவு. அரை மணி நேரத்துக்கு ஏறத்தாழ 110 கிராம். பழைய பவுடர் வீரியம் போயிருக்கும், புதுப் பாக்கெட்டாக வாங்குங்கள். பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கும்வரை விட்டு, மேலே தெளிந்த நீரை மட்டும் எடுக்க வேண்டும். அடிமண்டியும் போனால் நாமே டிரிப்பரை அடைப்பது போலாகும்.

வென்சூரி எவ்வளவு இழுக்கிறது என்பதை வெறும் தண்ணீரில் முன்கூட்டியே பார்த்தோம். இடையிலுள்ள வால்வை மெல்ல மூடி வர, ஓரிடத்தில் இழுப்பு பிடித்தது. அந்த நிலையில் 10 லிட்டர் 10 நிமிடத்தில் போனது. வால்வின் கைப்பிடி நின்ற இடத்தில் பெயிண்டால் ஒரு கோடு போட்டு வைத்தோம். இனி உரம் விடும்போதும் அந்தக் கோடுதான் அளவு. அரை மணி நேரத்துக்கு 30 லிட்டர் என்பதால் பிளீச்சிங் தெளிநீரை 30 லிட்டராக்கி விட்டோம். கடைசி மரத்தில் குளோரின் வாடை வந்ததும் சற்று நேரம் விட்டு நிறுத்தி, இரவு முழுக்க அப்படியே வைத்தோம். காலையில் லேட்டரல்களை மறுபடி ஐந்தைந்தாகத் திறந்து அலசினோம். கறுத்த நூல் நூலான படலம் கிளம்பி வந்தது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை, தயவுசெய்து மனதில் பதியுங்கள். பிளீச்சிங்கும் ஆசிட்டும் ஒரே வாளியில், ஒரே குழாயில், ஒரே நேரத்தில் சேரவே கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். நுரையீரலைச் சுடும் விஷ வாயு அது. வாளி, அளவுக் குவளை எல்லாவற்றையும் கழுவி, குழாயில் நல்ல தண்ணீர் ஒரு மணி நேரம் ஓட்டி, மறுநாள்தான் ஆசிட் தொட்டோம்.

ஆசிட்

வாங்கியது 33 சதவீத ஹைட்ரோகுளோரிக் ஆசிட். கழிப்பறை கழுவும் பாட்டில் ஆசிட் இதற்கு ஆகாது. அதில் வீரியம் குறைவு, நிறமும் சோப்புப் பொருளும் கலந்திருக்கும். ரப்பர் கையுறை, கண்ணாடி, முழுக்கை சட்டை, காற்று நம் முதுகுப் பக்கமிருந்து வரும்படி நிற்பது, பக்கத்தில் ஒரு குடம் நல்ல தண்ணீர், இவை இல்லாமல் மூடியைத் திறக்காதீர்கள். தண்ணீரில் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது. மோட்டாருக்கும் வென்சூரிக்கும் இடையில் நான்-ரிட்டர்ன் வால்வு சரியாக மூடுகிறதா என்று முன்பே பாருங்கள். மின்சாரம் நின்றால் ஆசிட் கிணற்றுக்குத் திரும்பக் கூடாது.

எவ்வளவு ஆசிட் என்பதைத் தண்ணீர்தான் சொல்லும். 10 லிட்டர் கிணற்றுத் தண்ணீர் எடுத்து, ஊசி போடும் சிரிஞ்சால் ஒவ்வொரு மில்லியாக ஆசிட் விட்டு, கலக்கி, பிஎச் தாள் நனைத்துப் பார்த்தோம். ஐந்து மில்லி வரை தாள் பெரிதாக மாறவில்லை, பைகார்பனேட் ஆசிட்டைத் தின்றுகொண்டிருந்தது. எட்டாவது மில்லியில் 4-க்கு வந்தது. லிட்டருக்கு 0.8 மில்லி. அறிக்கையில் இருந்த 8 என்ற எண்ணோடு இது அழகாகப் பொருந்தியது. நிமிடத்துக்கு 56 லிட்டர் என்றால் 45 மில்லி, 25 நிமிடத்துக்கு 1.1 லிட்டர். வென்சூரி அந்த நேரத்தில் இழுப்பது 25 லிட்டர். ஆகவே 24 லிட்டர் தண்ணீரில் 1.1 லிட்டர் ஆசிட். அடைப்பினால் உண்மையான ஓட்டம் கணக்கை விடக் குறைவாக இருக்கும் என்பதால் கலவை சற்று வீரியமாகவே போகும். கடைசித் தீர்ப்பு கணக்கில் இல்லை, கடைசி மரத்துத் தாளில் இருக்கிறது.

தோப்பைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் கடைசி வரிசையில் பிஎச் தாளோடு நின்றார். வால்வுப் பக்கத்தில் சில நிமிடங்களிலேயே தாள் நிறம் மாறியது. கடைசி மரத்துக்கு வந்து சேர 20 நிமிடம் தாண்டியது. நிறம் 4-க்கு வந்ததும் அவர் கை காட்ட, மோட்டாரை நிறுத்தி எல்லா வால்வையும் மூடி, ஒரு நாள் முழுக்க அசையாமல் விட்டோம்.

மரத்துக்குக் கெடுதலா என்று மாமா கேட்டார். 1.1 லிட்டர் 105 மரத்துக்குப் பங்கிட்டால் மரத்துக்குப் பத்து மில்லி, அதுவும் சுண்ணாம்பு மண்ணில் போய் உடனே அடங்கிவிடும். தென்னைக்குக் குளோரைடு வேண்டிய சத்தும்கூட. பயம் வேண்டாம்.

மறுநாள் அலசியபோது வந்த தண்ணீர் பால் கலந்தது போல இருந்தது. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு சொட்டுகூட வராமல் முழுசாக அடைத்துக்கொண்ட டிரிப்பருக்குள் ஆசிட்டும் போகாது, போக வழி இருந்தால்தானே! அப்படிப்பட்டவற்றைச் சுற்றிலும் நடந்து தேடி, நாடா கட்டி அடையாளம் வைத்து, கழற்றி, நீர்த்த ஆசிட் வாளியில் இரவு ஊறப்போட்டுக் குண்டூசி படாமல் அலசி மாட்டினோம். குண்டூசியால் குத்தினால் தடம் அகன்று, அந்த டிரிப்பர் பக்கத்து மரத்தின் பங்கையும் சேர்த்துக் குடிக்கும். ஊறியும் திறக்காதவற்றுக்குப் பதில் அதே 8 லிட்டர் வகையில் புதியது போட்டோம். கைக்குக் கிடைத்த வேறு அளவு டிரிப்பரை இடையில் சொருகினால் சமச்சீர் கெட்டுவிடும்.

மறுபடி அளந்தது

பைபாஸ் வால்வைச் சரிசெய்து, பில்டருக்குப் பின்னால் அழுத்தத்தை 1 கிலோவுக்கு வைத்தோம். அதே 16 இடங்கள், அதே டப்பாக்கள், அதே மூன்று நிமிடம். சராசரி 379 மில்லி. மிகக் குறைந்த நான்கும் 325, 330, 340, 345. சமச்சீர் 88. முன்பு 60 மில்லி விட்ட கடைசி மரத்து டிரிப்பர்தான் இந்த 325. இரண்டு மணி நேரத்தில் அந்த மரத்துக்கு 52 லிட்டர் போகிறது. நான்கு மணி நேர ஓட்டத்தை மாமா இரண்டரை மணியாகக் குறைத்துவிட்டார். கிணற்றில் மீதி நிற்கும் தண்ணீரைப் பார்த்து அவருக்கு வந்த தெம்பு எனக்கும் தொற்றிக்கொண்டது.

தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர் அமைக்க 100 சதவீத மானியமும், மற்றவர்களுக்கு 75 சதவீதமும் கிடைக்கிறது. நல்ல திட்டம், அதனால்தான் இந்த வறண்ட பூமியில் இவ்வளவு தோப்பு நிற்கிறது. ஆனால் குழாய் போட்ட பிறகு அதை ஓட்டிக் காப்பது முழுக்க நம் கையில். ஒவ்வொரு ஊரிலும் அளவுக் குவளையும் பிஎச் தாளும் கையில் உள்ள இரண்டு பேராவது இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

மாமாவுக்கு எழுதிக் கொடுத்த பராமரிப்பு முறை இது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை லேட்டரல் அலசல், ஐந்தைந்தாக. அழுத்தமானி வித்தியாசம் 0.3 காட்டினால் அன்றே பில்டர் கழுவ வேண்டும். உரம் விட்டால் நிறுத்துவதற்கு முன் 20 நிமிடம் வெறும் தண்ணீர். டிஏபி, சூப்பர் பாஸ்பேட் வென்சூரியில் கூடாது, நம் சுண்ணாம்புத் தண்ணீரில் பாஸ்பேட் போனால் அப்படியே படியும். கால்சியம் நைட்ரேட்டோடு சல்பேட், பாஸ்பேட் உரம் எதையும் கலக்கக் கூடாது. ஜீவாமிர்தத்தை மரத்தடியில் வாளியால் ஊற்றுவதே நல்லது. குழாயில்தான் விட வேண்டும் என்றால், ஒரு நாள் தெளியவைத்து, இரண்டு மடிப்பு வேட்டித் துணியில் வடித்து, பின்னால் அரை மணி நேரம் நல்ல தண்ணீர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை டப்பா வைத்து அளக்க வேண்டும், சமச்சீர் 80-க்குக் கீழே இறங்கினால் ஆசிட்.

மீதி வேலை இரண்டு இருக்கிறது. திறந்த கிணற்றுத் தண்ணீருக்கு டிஸ்க் பில்டர் மட்டும் போதாது, அதற்கு முன்னால் மணல் பில்டர் வேண்டும். பாசியைப் பிடிப்பது அதுதான், வைப்பதற்கு மாமா ஒத்துக்கொண்டிருக்கிறார். கிழக்குப் பாதியை அளந்தபோது சமச்சீர் 71 வந்தது. அங்கே அலசலும் பிளீச்சிங்கும் முடிந்துவிட்டன, ஆசிட் விடும் நாளில் டப்பாக்களோடு மறுபடி போக வேண்டும். கடைசி வரிசையின் காய்ப்பு பற்றி இப்போதே எதுவும் சொல்ல முடியாது. பாளை வெடித்துத் தேங்காய் முற்ற ஏறக்குறைய ஒரு வருடம் எடுக்கும், இப்போது வெடிக்கும் பாளைகளுக்குக் கிடைக்கும் தண்ணீரின் பலன் அடுத்த வருட வெட்டில்தான் தெரியும். அதுவரை அந்த வரிசையின் குலைகளைத் தனியாக எண்ணி எழுதி வைக்கும்படி அண்ணனிடம் ஒரு நோட்டுக் கொடுத்திருக்கிறேன்.